துப்பாக்கி விசாரம்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் பலவிதம். கார்த்திகைத் தீபம் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருகிறவர்கள் உண்டு. "நான் யார்?" என்று ஆத்ம விசாரம் செய்வதற்காகக் கடல் கடந்து வருகிறவர்களும் உண்டு. துப்பாக்கி விசாரம் செய்வதற்காக அந்த க்ஷேத்திரத்துக்குப் போனவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் பால்ய சிநேகிதர் ஒருவர் செங்கத்துக்கு வடக்கே, ஜவ்வாது மலைத்தொடர் ஒருபுறமும் பர்வதமலை மற்றொருபுறமும் தெரிகிற ஒரு சிறு கிராமத்தில் விவசாயம் செய்து வருகிறார். எழுபது வயதைத் தாண்டியவர். இந்தக் காலத்திலும் தபால் கார்டு எழுதுகிற அபூர்வப் பிறவி. சென்ற மாசிக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "அப்பாவின் ரைபிளைப் பையன் பேருக்கு மாற்ற உத்தேசம். அவனோ அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்கவேண்டும் என்கிறான். நீ ஒரு காலத்தில் துப்பாக்கிக் கடையில் கணக்கு எழுதியவன். வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல். மல்லாட்டையைப் பன்றி தின்கிறது." இவ்வளவுதான் விஷயம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்பது அந்தப் பக்கத்தார் வாயில் அப்படி ஆகிவிட்டது. கடைசி வாக்கியத்துக்கும் முந்தியவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நேரில் போன பிறகு அந்தக் கடைசி வாக்கியம்தான் விஷயமே என்று தெரிந்தது.

துப்பாக்கிக் கடையில் கணக்கு எழுதினேன் என்பது வாஸ்தவம். எழுதிய கணக்கைவிட அங்கே வருகிறவர்களின் பேச்சைக் கேட்டதே அதிகம். இரண்டு ரைபிள்களை மேஜைமேல் வைத்து எது சிலாக்கியம் என்று மூன்று மணி நேரம் தர்க்கம் செய்துவிட்டு, ஒரு டஜன் தோட்டாவை மாத்திரம் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தத் தர்க்கங்களெல்லாம் மனதில் அப்படியே கிடந்தன. ஆகவே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகப் போகிறவர்களுக்குச் செஞ்சியைத் தாண்டியதும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் மேற்கே எட்டிப் பார்க்கிறார்கள். பாறைக் குன்றுகளுக்கு அப்பால், தனியாக, யாரோடும் சேராமல் அண்ணாமலை எழும்பி நிற்கிறது. உயரம் 2,668 அடிதான். ஆனால் சுற்றிலும் சமவெளியாக இருப்பதால் அந்த உயரம் முழுவதும் அதற்கே சொந்தம். கிட்டே போகப் போக, கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் மலையின் மடியிலிருந்து பிரிந்து தெரிகிறது. 217 அடி, பதினொரு நிலை; கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்ததைத் தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர் முடித்தார் என்பார்கள்.

தரிசனம் முடித்துக்கொண்டு, செங்கம் சாலையில் இருக்கும் ரமணாசிரமத்துக்குள் நுழைந்தேன். மகரிஷி 1896-ல் இந்த ஊருக்கு வந்து, 1922 வரையில் பெரும்பாலும் மலைமேல் குகைகளிலேயே வசித்தவர். அந்நாளில் அந்த மலையில் சிறுத்தைகள் உலாவின. அவர் கையில் கமண்டலத்துக்கும் கைத்தடிக்கும் மேற்பட்ட ஆயுதம் எதுவும் இருந்ததில்லை. ஆசிரமத்துக்குள்ளே ஒரு பக்கமாகச் சில சிறிய சமாதிகள் இருக்கின்றன. லக்ஷ்மி என்ற பசு, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காக்கை. மானுடைய சமாதியின் முன்னால் நிற்கும்போது, சட்டைப் பையில் இருந்த கார்டு சற்றுக் கனத்தது. வேட்டைத் துப்பாக்கிகளில் எது நல்லது என்று சொல்லப் போகிறவன் நிற்கவேண்டிய இடம் அதுவா என்று தோன்றியது. பேசாமல் வெளியே வந்து செங்கம் பஸ் ஏறினேன்.

பக்தர்கள் ஊரில் துப்பாக்கிப் பேச்சு அபசாரம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. இந்தச் சாலை துப்பாக்கி வெடியையும் பீரங்கி வெடியையும் நிறையக் கேட்ட சாலை. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபக்கம், கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் பட்டாளம் மறுபக்கமாக, முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் மோதிக்கொண்டார்கள். அதற்கு வெகு காலத்துக்கு முன்பே இது வில்லும் வாளும் பேசிய பூமி. செங்கத்தைச் சுற்றி வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. பல்லவர் காலத்தவை அநேகம். தொல்பொருள் துறையில் இருந்த டாக்டர் நாகசாமி 1970-களின் ஆரம்பத்தில் அவற்றைத் தேடிப் பிடித்துப் படித்துப் புத்தகமாக வெளியிட்டார். மாடு பிடிக்க வந்தவர்களோடு போரிட்டு மாண்டவனுக்கு ஒரு கல் என்றால் ஆச்சரியமில்லை. எடுத்தனூரில் உள்ள கல்லிலே வீரனோடு அவனுடைய நாயும் இருக்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயர். திருடர்களைக் கடித்து எஜமானனுக்குக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்லுகிறது. ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இந்த ஜில்லாக்காரர்களுக்கு உண்டு.

பன்றி விவகாரமும் இங்கே பழையதுதான். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், இந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது. அவனுடைய நவிரமலைதான் இப்போது பர்வதமலை என்பது அறிஞர்களின் கருத்து. தினைப்புனத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்குப் பயந்து, அது நுழையும் வழிதோறும் பெரிய கல்லைச் சாய்த்து நிறுத்திப் பொறி வைத்திருக்கிறார்கள், ஜாக்கிரதையாகப் போங்கள் என்று அதிலே கூத்தருக்கு வழி சொல்லுகிறார் புலவர். பொறி பன்றிக்கு வைத்தது. ஆனால் வழிப்போக்கன் அகப்பட்டுக்கொள்ளலாம். இந்த எச்சரிக்கை அன்று இரவு எனக்கு மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது.

சிநேகிதர் வாசலிலேயே காத்திருந்தார். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் பையனும் லீவில் வந்திருந்தான். காப்பி ஆனதும், உள்ளேயிருந்து பழைய வேஷ்டியில் சுற்றிய ஒரு பொருளைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்து திண்ணையில் வைத்தார். இஷாப்பூர் பாக்டரியில் செய்த 0.315 அங்குல ரைபிள். 1960-களின் துவக்கத்தில் அவருடைய தகப்பனார் வாங்கியது.

"அப்பா நாற்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போனவர் அல்லவா? வெளியே வந்து பன்றிக்காக ஒரு துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டார். காங்கிரஸ்காரனுக்குத் துப்பாக்கியா என்று தள்ளிவிட்டார்கள். சுயராஜ்யம் வந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அப்பா சாப்பிடவேயில்லை. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது" என்றார் சிநேகிதர்.

இந்த 0.315 என்ற எண்ணுக்கே ஒரு சரித்திரம் உண்டு. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். அதோடு நிற்கவில்லை. பட்டாளத்துத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போய்விடக்கூடாது என்ற பயம் சர்க்காரைப் பிடித்து ஆட்டியது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் 0.450 அங்குலத் தோட்டாக்களையே இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தடுத்தார்கள். அந்தத் தடை இங்கிலீஷ் துரைமார்களின் யானைத் துப்பாக்கிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் 0.470, 0.465 என்று புதுப் புது அளவுகளைக் கண்டுபிடித்தன. அரை மில்லிமீட்டர் அகலம் கூட்டினால் ராஜத்துரோகம் நீங்கிவிடும் போலிருக்கிறது! பட்டாளத்து 0.303-க்கும் இதே கதிதான். அதே லீ-என்பீல்டு யந்திரத்தில், ஆஸ்திரிய தேசத்து மான்லிக்கர் தோட்டா பாயும் எட்டு மில்லிமீட்டர் குழலைப் பொருத்தி, இந்தியச் சந்தைக்கென்று பர்மிங்ஹாமில் செய்து அனுப்பினார்கள். அதுவே 0.315. சுயராஜ்யத்துக்குப் பிறகு, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூரில் அதையே நாம் செய்யலானோம்.

1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய பிரஜா உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார், டாக்டர் அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை, திருத்தம் விழுந்தது. 1959-ல் நம்முடைய சொந்த ஆயுதச் சட்டம் வந்த பிறகும் 0.303 சாமானியனுக்கு விலக்கப்பட்ட அளவாகவே நின்றுவிட்டது. அந்நியன் நம்மிடம் கொண்ட சந்தேகம் சுதேசிச் சர்க்காரின் பீரோவுக்குள்ளும் பத்திரமாக இருக்கிறது. இதைக் குறையென்று சொல்லுகிறேனா என்று கேட்டால், திண்ணையில் இருந்தபோது ஆமென்றுதான் சொல்லியிருப்பேன். அன்று இரவுக்குப் பிறகு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பையனுடைய கட்சி வேறு. அவன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். செக்கோஸ்லோவாகியா தேசத்து ப்ர்னோ ரைபிள், 30-06 தோட்டா, மேலே தூரதிருஷ்டிக் கண்ணாடி. 1980-களின் நடுவிலிருந்து வெளிதேசத்துத் துப்பாக்கிகளைச் சாமானியர் இறக்குமதி செய்யமுடியாமல் போய்விட்டபடியால், முன்பே வந்து சேர்ந்தவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விலையும் அதற்கேற்றபடி இருக்கிறது.

"மாமா, இது மௌசர் ஜாதி. தாழ்ப்பாள் இரும்புக் கோட்டை மாதிரி. தாத்தாவின் ரைபிள் போன நூற்றாண்டுச் சாமான். நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

வாசகர்களில் துப்பாக்கியைத் தொட்டிராதவர்களுக்காக இதைச் சற்று விளக்கவேண்டும். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை எண்ணிக்கொள்ளுங்கள். பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் திறக்கிறது. முன்னால் தள்ளிப் பிடியை மடக்கினால் பூட்டிக்கொள்கிறது. போல்ட் ரைபிளின் ரகசியம் அவ்வளவுதான். இழுக்கும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கிறது. தள்ளும்போது அடிப்பெட்டியிலிருந்து புதுத் தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. உலகத்தில் உள்ள இத்தகைய ரைபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே கோத்திரம். ஒன்று, ஜெர்மனியில் பீட்டர் பால் மௌசர் 1898-ல் பூரணமாக்கியது. மற்றொன்று, ஸ்காட்லாந்தில் பிறந்து கானடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ யோசித்தது.

மௌசரின் தாழ்ப்பாள் முன்பக்கத்தில், தோட்டாவின் தலைமாட்டிலேயே பூட்டிக்கொள்ளும். ஆகையால் பலமான மருந்துள்ள தோட்டாவையும் தாங்கும். அதன் பக்கத்தில் நீண்ட கொக்கி ஒன்று தோட்டாவைப் பெட்டியிலிருந்து புறப்படும்போதே பிடித்துக்கொண்டு, வெளியே எறிகிற வரையில் விடுவதில்லை. லீயின் தாழ்ப்பாள் பின்பக்கத்தில் பூட்டுவது, அவ்வளவு பலமில்லை. ஆனால் பிடியைக் கொஞ்சம் தூக்கினாலே போதும், எண்ணெய் போட்ட கிணற்றுச் சகடைபோல ஓடும். விரைவில் அதை வெல்லுகிற ரைபிளை நான் கண்டதில்லை. இரண்டு கோத்திரங்களுக்கும் பெரிய யுத்தங்களில் தீராப் பகை. என்றாலும் விசித்திரம் பாருங்கள்: செக் தேசத்து ப்ர்னோ நகரத்தில் பிறந்த ஒரு யந்திரத் துப்பாக்கியை 1930-களில் இங்கிலாந்து ஏற்றுக்கொண்டபோது, ப்ர்னோவின் தலையையும் என்பீல்டின் தலையையும் சேர்த்து ‘பிரென்’ என்று பெயர் வைத்தார்கள். சம்பந்திகள் ஆகிவிட்டார்கள்!

தோட்டாவிலும் வித்தியாசம் பெரிது. 0.315-ன் குண்டு 244 கிரெயின் எடை. விநாடிக்கு ஏறத்தாழ 2,000 அடி வேகம். கனமானது, நிதானமானது. 1906-ல் அமெரிக்கப் பட்டாளம் மேற்கொண்ட 30-06-லே 180 கிரெயின் குண்டு விநாடிக்குச் சுமார் 2,700 அடி பாய்கிறது. முன்னூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் மிருகத்துக்கு அதுவே சிலாக்கியம். குறி தவறினாலோ, ஆகாசத்தைப் பார்த்துச் சுட்டாலோ, அந்தக் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போய் விழும்.

இந்த இடத்தில் பையன் ஜிம் கார்பெட்டைச் சாட்சிக்கு அழைத்தான். கார்பெட் வைத்திருந்ததும் மௌசர் ஜாதிதானே என்றான். வாஸ்தவந்தான். 436 பேரைக் கொன்ற சம்பாவத்துப் பெண்புலியை 1907-ல் கார்பெட் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்து லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட் துரை அவருக்குப் பரிசளித்தது ரிக்பி கம்பெனியின் 0.275 மௌசர் ரைபிள். அந்தக் கம்பெனியே 2015-ல் அதைத் திரும்ப வாங்கிப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டது. ஆனால் பரிசு புலி செத்த பிறகு வந்தது. புலியைச் சுட்ட அன்று கார்பெட் கையில் இருந்தது வேறொரு பழைய ரைபிள். அதிலும் தோட்டா தீர்ந்துபோய், கூட வந்த தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியைப் பிடுங்கிக் கடைசி வெடியை வைத்தார். நம் பக்கத்துக் காடுகளில் திரிந்து ஏலகிரிச் சிறுத்தையைப் பற்றியெல்லாம் எழுதிய பெங்களூர் கென்னத் ஆண்டர்சன், மௌசரும் இல்லை, லீயும் இல்லை. நெம்புகோல் வைத்த 0.405 வின்செஸ்டரையே ஆயுளெல்லாம் கட்டிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டதும் பையன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஆனால் கட்சியை விடவில்லை.

பிறகு நான் செய்யவேண்டிய காரியத்தைச் செய்தேன். தாழ்ப்பாளை உருவி எடுத்தேன். வெள்ளைக் காகிதம் ஒன்றைக் குழலின் பின்வாயில் பிடித்து, வெளிச்சத்தில் முன்வாய் வழியாகப் பார்த்தேன். அறுபது வருஷக் குழல். உள்ளே புள்ளி புள்ளியாய்த் துரு இருக்கும், முறுக்குக் கோடுகள் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்துக் கண்ணை வைத்தால், புதுப் பாத்திரம்போல் பளபளவென்று கோடுகள் சுற்றிச் சுற்றிப் போகின்றன. பழைய தோட்டாக்களின் மூட்டு மருந்தில் உப்பு உண்டு. சுட்ட அன்றே கழுவாவிட்டால் ஒரு வாரத்தில் குழலை அரித்துத் தின்றுவிடும். கடையில் பார்த்த பழைய 0.315-களில் பத்துக்கு எட்டு அப்படித்தான் சீரழிந்திருந்தன.

"வெந்நீர்" என்றார் சிநேகிதர். "சுட்டுவிட்டு வந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் அம்மா அடுப்பு மூட்டவேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குழலில் ஊற்றி, துணி போட்டு இழுத்து, எண்ணெய் விட்ட பிறகுதான் அப்பா கை கழுவுவார். பன்றிக்கறி அதற்கு அப்புறம்."

பையன் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானும் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

கட்டையில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு மயிரிழை விரிசல் இருந்தது. அதைத் தச்சன் சரிசெய்துவிடுவான். தாழ்ப்பாள் ஆட்டமில்லாமல் பூட்டியது. நான் ஆராயவேண்டியது அவ்வளவுதான். ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடை குழலுக்குள் இல்லை, கொல்லைமேட்டில் இருந்தது.

சாயங்காலம் நிலத்துக்குப் போனோம். அறுவடைக்குச் சில வாரங்களே இருந்த மல்லாட்டைச் செடியில் கால்வாசி இடம் ஏர் ஓட்டினாற்போல் புரண்டு கிடந்தது. பன்றி ஒரு காயைத் தின்பதற்குப் பத்துச் செடியைக் கிளறுகிறது. வட்டிக்கு வாங்கி விதைத்தவன் வயிறு எப்படி எரியும் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். வயிற்றெரிச்சலில் என்னென்னவோ செய்கிறார்கள். சிலர் வேலியில் திருட்டு மின்சாரத்தை விடுகிறார்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதன் மாட்டிக்கொண்டு மாண்டான் என்ற செய்தி நம் பத்திரிகைகளில் வராத வருஷம் இல்லை. சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். தீனிக்குள் பொதிந்த நாட்டு வெடி. சிநேகிதரின் பசு ஒன்று யாரோ வைத்ததைக் கடித்து, தாடை பிளந்து, மூன்று நாள் கிடந்து செத்தது. மலைபடுகடாம் சொன்ன கற்பொறிக்கு வழிப்போக்கன் விலகிப் போகலாம்; இவற்றுக்கு விலகவும் வழியில்லை. மலைமேலோ கணக்கில் வராத நாட்டுத் துப்பாக்கிகள். ஜவ்வாதிலும் கல்வராயனிலும் அவற்றை ஒப்படைக்கும்படி போலீசார் அவ்வப்போது தண்டோராப் போடுகிறார்கள்.

"அப்படியானால் லைசென்ஸ் உள்ள ரைபிளால் சுட்டுவிடலாமே?" என்று பட்டணத்துக்காரனாகிய நான் கேட்டேன்.

சிநேகிதர் சிரித்தார். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு, அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவில்லாமல் பன்றிமேல் குண்டு போடக்கூடாது. 2025 ஜனவரியில் சென்னைச் சட்டசபையில் சர்க்கார் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்றிலிருந்து மூன்று வரையில் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையார் சுடலாம். அண்டை மலையாள தேசத்தில் 2022 முதல் உள்ளூர்ப் பஞ்சாயத்தே லைசென்ஸ்காரரை அமர்த்திச் சுடுவிக்க வழி செய்திருக்கிறார்கள். சிநேகிதரின் நிலம் காட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.

"அப்பா கடைசியாகச் சுட்டது நான் காலேஜில் சேருவதற்கு முன். நான் ஒரு பன்றியைக்கூடச் சுட்டதில்லை. வருஷா வருஷம் எண்ணெய் போடுகிறேன். காலாகாலத்தில் லைசென்ஸ் புதுப்பிக்கிறேன். உத்தரவு வந்தால் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் அன்றைக்கு வீட்டில் நம்பிக்கையான துப்பாக்கி ஒன்றும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருவனும் இருக்க வேண்டாமா?" என்றார்.

அன்று பௌர்ணமிக்கு முந்தின நாள். ராத்திரி மூன்று பேரும் பரண்மேல் ஏறி உட்கார்ந்தோம். ஆயுதங்கள்: இரண்டு தகர டின், மூன்று டார்ச் விளக்கு, பையனுடைய தூரதிருஷ்டிக் கண்ணாடி. ரைபிள் வீட்டில் பூட்டிக் கிடந்தது. எதிரே பர்வதமலை நிலா வெளிச்சத்தில் நீலமாய் நின்றது. பன்னிரண்டு மணிக்கு மேல் வரப்போரத்தில் சலசலப்புக் கேட்டது. பிறகு நறநறவென்று மெல்லுகிற சப்தம். ஒரு தாயும் ஏழெட்டுக் குட்டிகளும் பின்னால் பெரிய ஆண் ஒன்றும்.

பையன் கண்ணாடியைக் கண்ணில் வைத்தான். "நூற்றிருபது கஜம்தான் அப்பா. ப்ர்னோ மாத்திரம் இருந்தால்..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். கண்ணாடியை என்னிடம் கொடுத்தான். நானும் பார்த்தேன். ஆண்பன்றியின் முதுகுக்கு நேர் மேலே, வெகு தூரத்தில், சிறு சிறு விளக்குகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பௌர்ணமிக்குப் பர்வதமலை ஏறுவதற்காகச் சாலையில் நடந்து போகிற ஜனங்கள்.

எவ்வளவு தூரமிருக்கும் என்று பையன் கேட்டான். இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது என்றார் சிநேகிதர். அப்புறம் யாரும் குண்டு வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. சிநேகிதர் டின்னை எடுத்துத் தட்டினார். பன்றிகள் ஓடிப்போயின, விடிவதற்குள் மறுபடியும் வந்தன.

காலையில் என்னுடைய அபிப்பிராயத்தைச் சொன்னேன். பத்துக் குடிசைக்கு ஒரு சாலையும் ஒரு சாலைக்கு நூறு யாத்ரீகரும் உள்ள சமவெளியில் 30-06 வேண்டாம். உத்தரவு கிடைத்துச் சுடநேர்ந்தாலும், பரண்மேலிருந்து கீழ்நோக்கி, ஐம்பது அறுபது கஜத்துக்குள், குண்டு மண்ணில் புதையும்படியாகத்தான் சுடவேண்டும். அதற்கு 0.315-ன் கனத்த குண்டு தாராளம். அதுவும் இரண்டு கிலோமீட்டர் போகக் கூடியது என்பதை மறக்கவேண்டாம். வேகமான தாழ்ப்பாள், தேயாத குழல், தோட்டா நம் தேசத்திலே பூனாவுக்கு அருகிலுள்ள கிர்க்கியில் செய்வது. தூரதிருஷ்டிக் கண்ணாடியை மாத்திரம் பையன் தனியே வைத்துக்கொள்ளட்டும். அது ராத்திரி ஒரு நல்ல காரியம் செய்தது. கேட்டுவிட்டுப் பையன், "வெந்நீர் எவ்வளவு ஊற்றவேண்டும் அப்பா?" என்றான்.

எழுபது வயதான லைசென்ஸ்காரர் தம் துப்பாக்கியை வாரிசு பேருக்கு மாற்றிக் கொடுக்க விதியில் இடம் உண்டு. அன்றே மனுவை எழுதி எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டோம். ஆபீஸ் வாசலிலேயே தெரிந்துவிட்டது: தேர்தல் தேதி அறிவித்தாய்விட்டது. முடிகிற வரையில் மனு ஒன்றும் நகராது. அது மட்டுமா, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் உடனே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். மல்லாட்டை பிடுங்குகிற சமயம் பார்த்தா என்று சிநேகிதர் முணுமுணுத்தார். பிறகு ஊருக்குத் திரும்பி ரைபிளை எடுத்து வந்தோம்.

ஸ்டேஷனில் எழுத்தர் நம்பரைப் பதிவு செய்துகொண்டு ரசீது எழுதினார். அவருக்குப் பின்னால் சுவரோரமாக ஐந்தாறு துப்பாக்கிகள் ஏற்கெனவே சாய்ந்திருந்தன. ஜன்னல் வழியாக மலையின் ஒரு துண்டு தெரிந்தது. பௌர்ணமிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று. ரைபிளை எடுக்க எழுத்தர் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கள் சார்" என்றான் பையன். சட்டைப் பையிலிருந்து தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டி ஒன்றை எடுத்தான். "இரண்டு மாசம் இங்கே கிடக்கும்" என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பெஞ்சியிலேயே உட்கார்ந்து தாழ்ப்பாளை உருவத் தொடங்கினான்.